வீதிக்கும் பந்தயத்துக்கும் ஒரே கார்: எந்த ஒயில்?

நேர்ப்பாதையில் கால் மைல், அதாவது 402 மீற்றர் தூரத்தை இரு கார்கள் முந்தி ஓடுவதே 'டிராக்' பந்தயம். அமெரிக்காவில் வார நாட்களில் வேலைக்கு ஓட்டும் காரையே வார இறுதியில் இப்பந்தயத்துக்குக் கொண்டுசெல்வோர் உண்டு. தடித்த ஒயிலே என்ஜினைக் காக்கும் என்பது பலரது நம்பிக்கை. அது எப்போதும் சரியல்ல.

10டபிள்யூ-30 என்பதில் முன்னுள்ள எண், குளிரில் ஒயில் எவ்வளவு இலகுவாக ஓடும் என்பதைக் காட்டும். பின்னுள்ளது 100 பாகை செல்சியசில் அதன் பிசுக்குமைத் தரம். அவ்வெப்பநிலையில் 30 தர ஒயில் 9.3 முதல் 12.5 சென்ரிஸ்ரோக் வரையும், 50 தரம் 16.3 முதல் 21.9 வரையும் இருக்கும்.

தெரிவைத் தீர்மானிப்பவை இரண்டு: பெயரிங் இடைவெளி, ஒயிலின் வெப்பம். தண்டின் விட்டத்தில் ஒவ்வோர் அங்குலத்துக்கும் ஆயிரத்தில் ஓர் அங்குல இடைவெளி என்பது மெக்கானிக்குகளின் பழைய கணக்கு. இடைவெளி கூடினால் தடித்த ஒயில் வேண்டும். இறுக்கமான என்ஜினில் அதே ஒயில் சக்தியை விழுங்கி, வெப்பத்தைக் கூட்டும்.

பந்தயம் சில வினாடிகளில் முடிவதால் ஒயில் அதிகம் சூடாகாது, மெல்லியது போதும். வீதி நெரிசலிலோ ஒயில் நெடுநேரம் சூட்டில் கிடக்கும். ஆகவே இரண்டுக்கும் ஓடும் காருக்கு வீதியின் வெப்பத்தை வைத்தே ஒயிலைத் தெரிய வேண்டும்.

ஒயில் சூடானபின் 1000 சுற்றுக்கு 10 பி.எஸ்.ஐ. அமுக்கம் இருக்கிறதா எனப் பார்ப்பது வழக்கமான சோதனை. அமுக்கம் விழுந்தால் ஓட்டத்தை நிறுத்துவதே நல்லது. பெயரிங் எரிந்தால் பந்தயம் மட்டுமல்ல, திங்கட்கிழமை வேலைக்குப் போகும் வழியும் இல்லாமற்போகும்.