நெய்தற் பறையும் திருப்பொற்சுண்ணமும்

சாவு வீட்டில் எழும் இசைகளுள் புனிதமானது எது? கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில், இரயில்வேப் பணிக்கும் அரசாங்க எழுத்தர் பணிக்கும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தோர் பலர் குடியேறினர். அவர்தம் சைவ மரபில், ஈமக் கிரியையின்போது உரலில் மஞ்சள் இட்டுச் சுண்ணம் இடிப்பர். இடிக்கையில் மாணிக்கவாசகரின் திருப்பொற்சுண்ணத்தைப் பாடுவர். கிள்ளான் பக்கத்துத் தோட்டங்களிலோ, பால்மரம் வெட்டத் தமிழகத்திலிருந்து வந்தவர் வீட்டில் சாவு நேர்ந்தால் தப்பு முழங்கும்; பெண்கள் தோளோடு தோள் சேர்ந்து ஒப்பாரி வைப்பர். முன்னதைத் திருமுறை எனப் போற்றுகிறோம். பின்னதைக் கூச்சல் என ஒதுக்குகிறோம். ஒதுக்கியவருள் நானும் ஒருவன்.

திருப்பொற்சுண்ணம் சாவுக்கென எழுந்த பாட்டன்று. அதன் இருபது பாடல்களிலும் இறைவன் நீராடுதற்கு மகளிர் பொற்சுண்ணம் இடிக்கின்றனர். பூமாலையும் முளைக்குடமும் விளக்குமாக எங்கும் மங்கலமே. இறந்தவரை நீராட்டும் சடங்கு இம்மங்கலப் பாட்டைத் தனதாக்கிக் கொண்டது. ஒரு பாட்டின் புனிதத்திற்கு, அது எதற்காக எழுந்தது என்பதைவிட எவ்விடத்தில் எவ்வுணர்வோடு வழங்குகிறது என்பதே காரணம் போலும்.

அவ்வாறாயின் பறையின் நிலை யாது? சாவுக்கெனவே தனிப் பறை ஒன்று சங்க காலத்தில் இருந்தது. பக்குடுக்கை நன்கணியார், ஒரு வீட்டில் நெய்தற் பறை ஒலிக்க, மற்றொரு வீட்டில் மணமுழவு ஒலிப்பதைக் கேட்டு, இவ்வுலகைப் படைத்தவனையே பண்பற்றவன் என நொந்துகொள்கிறார் (புறம். 194). நெய்தல் என்பதற்கு ஈண்டுச் சாப்பறை என்றே பொருள். நெய்தல் திணையின் உரிப்பொருள் இரங்கல் என்பதைத் தமிழாசிரியர் அறிவர். பறைக்கும் அப்பெயர் அவ்வுணர்வு பற்றியே வந்தது என்பது என் கருத்து. மணப்பறையே அன்றைக்குப் பிணப்பறையாய் மாறுதலும் உண்டு என்கிறது நாலடியார்.

இன்னும் ஒன்று. போரில் புண்பட்டுக் கிடக்கும் வீரனைக் காக்க, மனையில் வேப்பிலை செருகி, வெண்கடுகு தூவி, மணி அடித்து, காஞ்சிப் பண் பாடுவதை அரிசில் கிழார் காட்டுகிறார் (புறம். 281). இங்கே இசை பொழுதுபோக்கன்று; உயிருக்குக் காவல். காவல் தோற்று உயிர் பிரிந்தபின் எழுவது கையறுநிலை. பாரிக்குக் கபிலரும் அதியமானுக்கு ஔவையாரும் பாடிய அப்பாட்டுகளை வகுப்பில் உருகி உருகி நடத்துகிறோம். இறந்தவரின் கொடையையும் அழகையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் புலம்பும் ஒப்பாரி அதற்கு உறவன்றி வேறென்ன?

1996இல் என் தந்தையார் காலமானார். பயிற்சிக் கல்லூரி முடித்த மிடுக்கில் இருந்த நான், தப்புக்காரரை வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டேன். அழுத பெண்களையும் அடக்கினேன். தேவாரம் மட்டும் பாடப்பட்டது. பாடியவர் மூவர், ஏனையோர் வாய்மூடி நின்றனர். என் தாயாருக்கு அழுவதற்கு ஒரு பாட்டில்லாமல் போயிற்று. அதனை அன்று நான் சீர்திருத்தம் என்று எண்ணினேன்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பறையடிப்பதை ஒரு சாதியின் கட்டாய ஊழியமாக்கியது கொடுமை. அவ்வூழியத்தை மறுத்து எழுந்தவர் செய்தது நேரிது. அடித்த கையை இழிவுபடுத்தியது ஒரு பிழை. அப்பிழையைக் காட்டிப் பறையையே இழிந்ததென்பது மற்றொரு பிழை. இவ்விரண்டையும் நான் ஒன்றாகக் குழப்பியிருந்தேன்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டும் வீடமைப்புக்கு விற்கப்பட்டும் போனபின், ஒப்பாரி அறிந்த பாட்டிமார் பலர் அடுக்குமாடி வீடுகளில் இருக்கின்றனர். சென்ற ஆண்டு என் அத்தையிடம் சென்று, “பாடுங்கள், எழுதிக்கொள்கிறேன்” என்றேன். “சாவு விழாத வீட்டில் ஒப்பாரி வைக்கக் கூடாதுடா, ஐயா” என்று மறுத்துவிட்டார். பிறகு ஒரு மாலையில், தாமாகவே மாடியிலிருந்து இறங்கிவந்து, வாகனம் நிறுத்துமிடத்து மரத்தடியில் அமர்ந்து, “உன் அப்பனுக்கு அன்றைக்கு வைக்காதது” என்று சொல்லிவிட்டுத் தொடங்கினார்.