ஆணியும் இல்லை, ஓட்டையும் இல்லை, காற்று மட்டும் இறங்குகிறது

காலை நடைப்பயிற்சியில் ஓய்வுபெற்றவர்கள் நாலு பேர் சேர்ந்தால் சர்க்கரை, பி.பி., பென்ஷன் என்று பேசி முடித்தபின் பேச்சு வண்டிப் பக்கம் திரும்பும். "பஞ்சர் கடையில காட்டிட்டேன் சார். ஆணி ஒண்ணும் இல்லைங்கிறான். ஆனா நாலு நாள்ல திரும்பவும் காத்து இறங்கிடுது" என்ற புலம்பலை நான் பலரிடம் கேட்டிருக்கிறேன். கடைக்காரர்கள் இதை ஸ்லோ பஞ்சர் என்பார்கள்.

நம் வயதுக்கு இது சின்ன விஷயம் இல்லை. வேலைக்குப் போன காலத்தில் வண்டியைத் தினமும் எடுத்தோம். காற்று குறைந்தால் உடனே கைக்குத் தெரிந்துவிடும். இப்போது வாரத்துக்கு இரண்டு நாள் எடுத்தால் அதிகம். பாதிக் காற்றோடு நிற்கும் வண்டியில் ஏறி மார்க்கெட்டுக்குக் கிளம்புகிறோம். திருப்பத்தில் முன்சக்கரம் இழுக்கிறது. இருபத்தைந்து வயதில் விழுந்தால் முழங்கை சிராய்ப்பு. அறுபத்தைந்தில் விழுந்தால் இடுப்பெலும்பு.

இரு சக்கர வண்டி டயரில் காற்று வெளியேற நாலே வழிதான் உண்டு: குத்துப்பட்ட ஓட்டை, வால்வு, டியூபின் ரப்பர், ரிம். இந்த நாலையும் அடைக்கத்தான் 130 வருடங்களுக்கு மேலாக ஒருவர் மாற்றி ஒருவர் பாடுபட்டிருக்கிறார்கள். அந்தக் கதை தெரிந்தால் நம் வண்டியில் எந்த வழி திறந்திருக்கிறது என்று தேடுவதும் சுலபம்.

முதல் வழி: ஓட்டை

காற்றடைத்த சக்கரத்துக்கு முதலில் காப்புரிமை வாங்கியவர் ராபர்ட் வில்லியம் தாம்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர், வருடம் 1845. ஆனால் அப்போது சைக்கிளே பரவவில்லை. குதிரை வண்டிக்காரர்கள் இதற்குச் செலவு செய்யத் தயாராக இல்லை, விஷயம் மறந்துபோயிற்று. 1887ல் அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப், தன் மகனின் மூன்று சக்கர சைக்கிள் கல்தெருவில் தடதடவென்று ஆடுவதைப் பார்த்து, ரப்பர் குழாயில் காற்றடித்துச் சக்கரத்தில் துணியால் கட்டினார். மறு வருடம் காப்புரிமையும் கிடைத்தது. தாம்சனின் பழைய காப்புரிமை தெரியவந்ததும் 1890ல் அது செல்லாமல் போனது. ஆனாலும் டன்லப் என்ற பெயர் நிலைத்துவிட்டது. நம் அம்பத்தூரில் டன்லப் தொழிற்சாலைச் சங்கைக் கேட்டு நேரம் பார்த்தவர்கள் இதைப் படிப்பவர்களில் இருக்கலாம்.

அந்த முதல் டயர்களில் ஒரு தொல்லை இருந்தது. டயரை ரிம்மோடு பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். 1889ல் பிரான்ஸில் கிளர்மாண்ட் ஃபெராண்ட் என்ற ஊரில் மிச்செலின் சகோதரர்களின் ரப்பர் ஆலைக்குப் பஞ்சரான டயரோடு ஒரு சைக்கிள்காரர் வந்தார். கழற்றி ஒட்ட மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆனது. பசை காய ஓர் இரவு. மறுநாள் ஓட்டிப் பார்த்தால் கொஞ்ச தூரத்திலேயே காற்று போய்விட்டது. அதன் பிறகுதான் எடுவார்ட் மிச்செலின் கழற்றி மாட்டக்கூடிய டயரைச் செய்தார். 1891ல் பாரிஸிலிருந்து பிரெஸ்ட் போய்த் திரும்பும் சுமார் 1,200 கிலோமீட்டர் பந்தயத்தில் அந்த டயரோடு ஓடிய சார்லஸ் டெரோன் ஜெயித்தார். நம் ஊர்ப் பஞ்சர் கடைக்காரர் இரண்டு நெம்புகோலை வைத்து டயரைப் பிரித்து, டியூபை உருவித் தண்ணீர்த் தொட்டியில் அமுக்குகிறாரே, அந்த வேலையே இந்த மாற்றத்தால்தான் சாத்தியமாயிற்று.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. டியூபை மட்டும் ஒட்டிவிட்டு டயரின் உள்பக்கத்தைத் தடவிப் பார்க்காமல் மாட்டினால், உள்ளே ஒடிந்து நிற்கும் சீமைக் கருவேல முள் மறுபடி குத்தும். வெளியே பார்த்தால் எதுவும் தெரியாது. நல்ல கடைக்காரர் துணியை வைத்து உள்ளே ஒரு சுற்றுத் துடைப்பார்; முள் இருந்தால் துணி மாட்டிக்கொள்ளும். கம்பிச் சக்கரமாக இருந்தால் ரிம் டேப்பையும் பார்க்க வேண்டும். டேப் நைந்திருந்தால் ஸ்போக் முனை டியூபை அடிப்பக்கமாக உரசி ஓட்டை போடும். பஞ்சர் டியூபின் உள்வட்டத்தில் இருந்தால் குற்றவாளி ரோட்டில் இல்லை, ரிம்மில் இருக்கிறான் என்று அர்த்தம்.

இரண்டாம் வழி: வால்வு

சைக்கிள் ஓட்டிய நமக்கெல்லாம் வால்டியூப் தெரியும். விரல் நீள மெல்லிய ரப்பர் குழாய். அதை வால்வு ஆணியின் மேல் எச்சில் தொட்டு நுழைப்போம். வெயிலில் ரப்பர் கெட்டு ஒட்டிக்கொண்டால் காற்று நிற்காது.

மோட்டார் சைக்கிளில் இருப்பது வேறு. ஜெர்மனியிலிருந்து நியூயார்க் போய்க் குடியேறிய அகஸ்ட் ஷ்ரேடர், கடலில் மூழ்கி வேலை செய்பவர்களுக்கான தலைக்கவசங்களுக்கும் ரப்பர் சாமான்களுக்கும் உலோகப் பாகங்கள் செய்துவந்தவர். அவர் பெயரால் வந்த வால்வுக்கு 1893ல் காப்புரிமை கிடைத்தது. உள்ளே ஸ்பிரிங் வைத்த சின்ன பின். காற்றடிக்கும்போது திறக்கும், எடுத்ததும் மூடும். ஸ்கூட்டர், கார், லாரி எல்லாவற்றிலும் பெரும்பாலும் இதே பின்தான்.

அந்தப் பின்னின் நுனியில் கடுகளவு ரப்பர் வளையம் இருக்கிறது. அதில் ஒரு மணல் துகள் உட்கார்ந்தால் போதும், ராத்திரி முழுக்கக் காற்று கசியும். அதனால்தான் அனுபவசாலிகள் டயரைக் கழற்றும் முன்பே விரலில் எச்சிலைத் தொட்டு வால்வு வாயில் வைப்பார்கள். குமிழ் வந்தால் பின்னை இறுக்கவோ மாற்றவோ வேண்டும். சில ரூபாயோடு வேலை முடிந்தது. வால்வு மூடி தூசியைத் தடுக்கும். அது தொலைந்தால் அடுத்த தடவையாவது மறக்காமல் வாங்கிப் போடுங்கள்.

மூன்றாம் வழி: ரப்பரே

ஓட்டையே இல்லாத டியூபிலிருந்தும் காற்று போகும். ரப்பரின் அணுக்களுக்கு நடுவே காற்று மெல்ல ஊர்ந்து வெளியேறுகிறது. மரத்துப் பாலிலிருந்து வரும் இயற்கை ரப்பரில் இது அதிகம். வெயில் ஏற ஏற இன்னும் அதிகம். பழைய காலத்தில் வாரம் தவறாமல் பம்பைத் தேடியதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

1937ல் அமெரிக்காவில் ஸ்டாண்டர்டு ஆயில் நிறுவனத்தின் ராபர்ட் தாமஸ், வில்லியம் ஸ்பார்க்ஸ் என்ற இரு வேதியியலாளர்கள் பியூட்டைல் என்ற செயற்கை ரப்பரை உண்டாக்கினார்கள். இயற்கை ரப்பரோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு காற்றைத்தான் அது வெளியே விடும். ஆனால் அதை ஆலையில் பெரிய அளவில் செய்ய வைத்தது போர். 1942 தொடக்கத்தில் மலேயாவும் சிங்கப்பூரும் ஜப்பானியரிடம் வீழ்ந்தன. அமெரிக்காவுக்கு வந்துகொண்டிருந்த இயற்கை ரப்பரில் பெரும்பகுதி நின்றுபோனது. மறு வருடமே பியூட்டைல் உற்பத்தி தொடங்கியது.

அந்த மலேயா ரப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டியவர்களில் பெரும்பாலோர் நம்மவர்கள் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. தஞ்சை, திருச்சி, சேலம் பக்கமிருந்து கப்பலேறிப் போன குடும்பங்கள். தோட்டம் நின்றதும் அவர்களில் பல்லாயிரம் பேரை ஜப்பானியர் சயாம் ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். அந்தக் காட்டிலிருந்து திரும்பாதவர்கள் ஏராளம். டியூபின் மேல் பியூட்டைல் என்று அச்சிட்டிருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த நினைவு வரும்.

டியூப் வாங்கும்போது அந்த எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். பியூட்டைல் டியூபிலும் மாதத்துக்கு ஒன்றிரண்டு பவுண்டு குறைவது இயல்பு. அதைப் பஞ்சர் என்று நினைத்து அலைய வேண்டாம்.

நான்காம் வழி: ரிம்

டியூபே வேண்டாம் என்று முடிவு செய்தவர் அமெரிக்காவின் குட்ரிச் கம்பெனியில் இருந்த ஃபிராங்க் ஹெர்ஸெக். 1947ல் அந்தக் கம்பெனி டியூப்லெஸ் டயரை அறிவித்தது. காப்புரிமை 1952ல் கிடைத்தது. இன்றைய டியூப்லெஸ் டயரின் உள்பக்கத்தில் பியூட்டைல் வகை ரப்பரையே ஒரு படலமாகப் படிய வைக்கிறார்கள். காற்றைப் பிடித்து வைப்பது அந்தப் படலமும், டயரின் ஓரம் ரிம்மோடு இறுகி உட்காரும் இடமும்தான்.

சாதாரணக் கம்பிச் சக்கரத்தில் ஒவ்வொரு ஸ்போக்குக்கும் ஓர் ஓட்டை உண்டு, காற்று நிற்காது. நம் ஊரில் அலாய் வீல் பரவிய பிறகுதான் மோட்டார் சைக்கிளில் டியூப்லெஸ் பரவியது. ஆணி குத்தினாலும் சட்டென்று காற்று போகாது என்பது இதன் பெரிய நன்மை. அதுவே தொல்லையும்கூட. ஆணியோடு பத்து நாள் ஓடியும் நமக்குத் தெரியாது. வருடக்கணக்கில் தண்ணீரும் சேறும் பட்டு ரிம் ஓரம் பொரிந்துபோனால் அங்கேயும் கசியும். சோப்புத் தண்ணீரை டயர் ஓரம் முழுக்க ஊற்றினால் பொடி நுரையாகத் தெரியும். டயரைக் கழற்றி, அந்த ஓரத்தைத் தேய்த்துச் சுத்தம் செய்து மாட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

தேடும் வரிசை

முதலில் வால்வு வாய். அடுத்து டயரின் மேல்பக்கம், சக்கரத்தை மெல்லச் சுற்றி ஆணி, கண்ணாடித்துண்டு பார்ப்பது. அடுத்து டியூப்லெஸ் என்றால் ரிம் ஓரமும் வால்வு அடியும். டியூப் என்றால் கழற்றித் தண்ணீரில் அமுக்குவது. டியூபை வெளியே எடுத்துக் கொஞ்சம் கூடுதலாகக் காற்றடித்தால்தான் ஊசி ஓட்டை வாய் திறக்கும். "நல்லா ஊதிப் பாருங்க தம்பி" என்று கேட்டுச் செய்யச் சொல்லுங்கள்.

காற்றளவைக் காலையில், வண்டி ஓடும் முன் பார்க்க வேண்டும். ஓடிச் சூடான டயர் கூடுதலாகக் காட்டும். வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் இறங்கினால் கசிவே இல்லாமல் ஒன்றரை பவுண்டு குறையும். சித்திரை மதியத்தில் நிரப்பியதை மார்கழி விடியலில் அளந்துவிட்டுப் பயப்படாதீர்கள். எத்தனை பவுண்டு என்பது வண்டியிலேயே ஒட்டியிருக்கும், கையேட்டிலும் இருக்கும்.

காற்று குறைந்த வண்டியை உருட்டிக்கொண்டு போவது கௌரவக் குறைச்சல் என்று சிலர் ஓட்டியே கடைக்குப் போவார்கள். டயருக்குள் டியூப் நகர்ந்து வால்வு அடியோடு கிழியும். பின்னை மாற்றினால் முடிந்திருக்க வேண்டிய வேலைக்குப் புது டியூப் வாங்க நேரும். பக்கத்துக் கடை என்றால் உருட்டிக்கொண்டே போங்கள். தூரம் என்றால் கடைப் பையனுக்குப் போன் செய்யுங்கள், வருவான்.