மறைக்கக் கற்ற சித்திரம்: க்ரைம் நாவல் காமிக்ஸ் ஆன கதை

க்ரைம் நாவலைச் சித்திரக்கதையாக மாற்றுபவருக்குப் பக்கக் கணக்கு பெரிய சிக்கல் இல்லை. முந்நூறு பக்கத்தை ஐம்பது பக்கமாக வெட்டுவது கத்தரிக்கோல் வேலை. கைதேர்ந்த பதிப்பாசிரியர் யாரும் செய்துவிடுவார். இவ்வகை நாவல் எதைச் சொல்லாமல் வைத்திருக்கிறதோ அதில்தான் அதன் உயிர் இருக்கிறது. சிக்கல் அங்கிருந்துதான் தொடங்குகிறது. ‘ஒருவன் அறைக்குள் நுழைந்தான்’ என்று எழுதுபவர் அவனுடைய முகத்தையும் வயதையும் கையிருப்பாக வைத்துக்கொள்ளலாம். வரைபவருக்கு அந்த வசதி இல்லை. அவனுக்கு ஒரு முகம் கொடுத்தாக வேண்டும், அல்லது கொடுக்காததற்குக் காட்சிக்குள்ளேயே ஒரு நியாயம் காட்ட வேண்டும். அகதா கிறிஸ்டி 1926இல் எழுதிய ‘ரோஜர் அக்ராய்டின் கொலை’யில் கதைசொல்லி சில நிமிடங்களை ஒரு வாக்கியத்துக்குள் மடித்து வைத்துவிடுகிறார், அதை வாசித்துக் கடந்துபோகிறோம், சந்தேகம் எழுவதில்லை. இந்த மடிப்பைச் சித்திரத்தில் எங்கே வைப்பது? ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் வந்த தழுவல்களைக் கால வரிசையில் வைத்துப் பார்த்தால், அவை சொற்களைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டு வந்தன என்று தோன்றும். அந்தத் தோற்றம் பாதி உண்மைதான். ஓவியர்கள் மறைக்கக் கற்றுக்கொண்ட கதையாக அதை வாசித்தால் மீதியும் விளங்கும்.

தொடக்கத்தில் மறைப்பதற்கான முயற்சியே இல்லை. ஆல்பர்ட் கான்டர் 1941இல் அமெரிக்காவில் தொடங்கிய ‘கிளாசிக் காமிக்ஸ்’, 1947இல் ‘கிளாசிக்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்’ என்று பெயர் மாறியது. வில்கி காலின்ஸின் ‘மூன்ஸ்டோன்’, ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகள், எட்கர் ஆலன் போவின் கொலைக்கதை எல்லாம் அதில் வந்தன. மூலநூலுக்கு மாணவர்களை அழைத்துச் செல்வதே வெளியீட்டாளரின் நோக்கம். ஆகவே கட்டத்தின் மேலே ஒரு விவரணைப் பெட்டி, கீழே அதே செய்தியைச் சொல்லும் படம் என்ற முறை அவருக்குப் போதுமானதாக இருந்தது. ‘மூன்ஸ்டோன்’ பல சாட்சிகளின் வாக்குமூலங்களால் ஆன நாவல். ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்ததை மட்டுமே சொல்வார்கள். பொதுக்குரலில் ஒலிக்கும் விவரணைப் பெட்டியால் இந்த அறியாமையைக் காப்பாற்ற முடியாது. ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் நடுவே உள்ள வெள்ளை இடைவெளிதான் காமிக்ஸில் எதையும் ஒளித்துவைக்கத் தோதான இடம். அந்த இடைவெளியை இந்த இதழ்கள் சொற்களால் அடைத்துவிட்டன.

அடுத்த மாற்றம் நாளிதழில் நடந்தது. 1958 ஜூலையில் லண்டன் ‘டெய்லி எக்ஸ்பிரஸ்’ இயான் ஃப்ளெமிங்கின் ‘கசினோ ராயல்’ என்ற ஜேம்ஸ்பாண்ட் நாவலைத் தினத்தொடராக வெளியிடத் தொடங்கியது. ஓவியம் ஜான் மெக்லஸ்கி. எளிமைப்படுத்துவதால் தன் எழுத்தின் தரம் இறங்கிவிடும் என்று ஃப்ளெமிங் முதலில் தயங்கினார். அந்தத் தயக்கத்தில் நியாயம் உண்டு. தொடரில் விவரணைப் பெட்டிகளுக்குக் குறைவில்லை. ஆயினும் தொடர் பிடித்துக்கொண்டது. காரணம், மறைக்கும் வேலையை இங்கே நாட்காட்டி செய்தது. ஒரு நாளைக்கு மூன்று நான்கு கட்டங்கள். கடைசிக் கட்டத்தில் ஒரு கதவு திறக்கும், யார் வந்தார்கள் என்று தெரிய மறுநாள் காலை ஆக வேண்டும். 1962இல் ஃப்ளெமிங் ஒரு சிறுகதையை ‘சண்டே டைம்ஸ்’ குழுமத்துக்குக் கொடுத்ததால் ‘எக்ஸ்பிரஸ்’ முதலாளி பீவர்புரூக் சினந்து, ‘தண்டர்பால்’ தொடரை நடுவிலேயே நிறுத்தச் சொன்னார். மிச்சக் கதை ஒருசில கட்டங்களில் அவசரமாக முடித்துவைக்கப்பட்டது. முடிவு தெரிந்தும் வாசகர் ஏமாந்துபோகும் விசித்திரம் அது. காத்திருப்பு போனதும் கதையின் மர்மமும் கூடவே போய்விட்டது. தமிழில் 1984 முதல் ராணி காமிக்ஸ் வெளியிட்ட ஜேம்ஸ்பாண்ட் கதைகளும் இந்தத் தினத்தொடர்களிலிருந்து வந்தவையே. ஒரே மூச்சில் படித்த நம் வாசகர்களுக்குக் கதவு திறந்த மறுவிநாடியே ஆள் தெரிந்துவிட்டார். இந்தத் தொடர்களில் ‘டாக்டர் நோ’வை எழுதிய பீட்டர் ஓ’டானல், பின்னர் மாடஸ்டி பிளைசி என்ற தொடரைப் படைத்தார், தினத்தொடரின் இந்த இலக்கணத்தில் அவர் ஏற்கெனவே தேர்ந்திருந்தார்.

நாட்காட்டியின் உதவியில்லாமல், முழுப் புத்தகத்துக்குள்ளேயே மறைக்க முடியும் என்று காட்டியவர் பிரெஞ்சு ஓவியர் ஷாக் தார்தி. லியோ மலேயின் 1956ஆம் ஆண்டு நாவலை அவர் ‘தொல்பியாக் பாலத்தில் மூடுபனி’ என்ற தலைப்பை அப்படியே வைத்து 1982இல் புத்தகமாக்கினார். துப்பறிவாளர் நெஸ்டர் பூர்மாவின் தன்மைக்கூற்றை அவர் நீக்கவில்லை. பெட்டிகளில் அந்தக் குரல் பேசிக்கொண்டே இருக்கிறது. படமோ அதை ஆமோதிப்பதில்லை. பூர்மா எகத்தாளமாகப் பேசும்போது, கண்ணுக்குத் தெரிவது பாரிஸின் பதின்மூன்றாம் வட்டாரத்தின் ஈரத் தெருக்கள், ரயில் தண்டவாளங்கள், பாலத்தின் இரும்புச் சட்டங்களை விழுங்கும் பனி. குரலுக்கும் படத்துக்கும் நடுவே விழுந்த இந்த விரிசலில்தான் பூர்மாவின் பழைய அனார்க்கிஸ்ட் வாழ்க்கை ஒளிந்திருக்கிறது. சொற்குறைப்பே முன்னேற்றம் என்ற வாதம் நிற்காமல் போவது இந்தப் புத்தகத்தில்தான்.

ஓவியர் டார்வின் குக் எதிர்த் திசையிலிருந்து அதே இடத்துக்கு வந்தார். ரிச்சர்ட் ஸ்டார்க் என்ற புனைபெயரில் டொனால்ட் வெஸ்ட்லேக் 1962இல் எழுதிய ‘தி ஹன்டர்’ மூன்று பத்தாண்டு இடைவெளியில் இருமுறை திரைப்படமானது. 1967இல் நாயகன் பெயர் வாக்கர், 1999இல் போர்ட்டர். நாவலில் அவனுக்குள்ள பார்க்கர் என்ற பெயரைப் படங்களுக்கு வெஸ்ட்லேக் கொடுக்கவில்லை. குக்குக்குக் கொடுத்தார். 2009இல் வந்த குக்கின் சித்திரப் புத்தகத்தின் தொடக்கப் பக்கங்களில் பேச்சு அநேகமாக இல்லை. கறுப்போடு ஒரேயொரு நீலச்சாயம். ஒருவன் ஜார்ஜ் வாஷிங்டன் பாலத்தைக் கடந்து மன்ஹாட்டனுக்குள் நடக்கிறான்; முதுகும் கைகளும் நிழலும் தெரிகின்றன. ஓட்டுநர் உரிமத்தைப் போலியாக்குகிறான். எதிரே வருபவர்களின் பார்வையில் அச்சம் தெரிகிறது. முகம் மட்டும் நமக்குக் கிடைப்பதில்லை. ஒரு கண்ணாடியில் அவன் தன்னைப் பார்க்கும்போதுதான் நாமும் பார்க்கிறோம். நாவலில் பார்க்கரின் மனம் மூடியிருப்பது வாக்கியங்களின் வறட்சியால். குக் அந்த வறட்சியைக் கோணங்களாக மாற்றினார். என் கணிப்பில், க்ரைம் நாவலைத் தழுவிய சித்திரங்களில் இவ்வளவு துல்லியமான தொடக்கம் வேறில்லை.

இங்கே ஒரு தடை எழும். பார்க்கர் செயலால் மட்டுமே ஆன மனிதன். அவனை வரைவது எளிது. மனவோட்டமே கதையாக உள்ள நாவலை என்ன செய்வது? பதில் 1994இலேயே வந்துவிட்டது. பால் ஆஸ்டரின் ‘சிட்டி ஆஃப் கிளாஸ்’ துப்பறியும் நாவலின் தோலைப் போர்த்திய தத்துவக்கதை. தவறான எண்ணுக்கு வந்த அழைப்பால், மர்மக்கதை எழுதும் குவின் துப்பறிவாளன் வேடமேற்கிறான். அதைச் சித்திரமாக்கிய பால் கராசிக்கும் டேவிட் மஸூகெல்லியும் பக்கத்தை ஒன்பது சமக் கட்டங்களாகப் பிரித்தார்கள். சிறுவயதில் இருட்டறையில் பூட்டி வளர்க்கப்பட்ட பீட்டர் ஸ்டில்மன் பேசும்போது, பேச்சுக்குமிழின் வால் அவன் வாயைத் தாண்டித் தொண்டைக்குள் இறங்குகிறது. பிறகு சம்பந்தமில்லாத பொருள்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பேசுகின்றன. சொல் அப்படியே இருக்கிறது, சொல்பவன்தான் காணாமல் போகிறான். அந்த ஒன்பது கட்டம் ஜன்னலாகிறது, சிறைக்கம்பியாகிறது. குவினின் நிதானம் குலையும்போது கட்டங்களும் சரிகின்றன.

இன்னொரு தடை இதைவிடக் கனமானது: இவ்வளவு மாற்றிய பிறகு மூலநூலாசிரியரின் நடை எங்கே மிஞ்சுகிறது? நடையில் ஒரு பகுதி போகவே போகும். அதை மறுக்க முடியாது. மலேயின் கொச்சைமொழிச் சுவையில் தார்தியாலும் கொண்டுவர முடிந்தது கொஞ்சம்தான். ஆனால் எந்த இடத்தில் உரைநடையே வெல்லும் என்று தெரிந்துவைத்திருப்பதும் தழுவுபவரின் கலைதான். 2010இல் வந்த ‘தி அவுட்ஃபிட்’ புத்தகத்தில் பார்க்கரின் கூட்டாளிகள் நடத்தும் கொள்ளைகளை குக் வெவ்வேறு பாணிகளில் வரைகிறார். அவற்றில் ஒன்றைக் கட்டங்களாகப் பிரிக்கவே இல்லை. பழைய பத்திரிகைக் கட்டுரைபோல அச்செழுத்துப் பத்திகளாக, ஓரத்தில் சிறு படங்களோடு விட்டுவிட்டார்.