நிஷிகி சந்தையைக் காப்பாற்றிய ஓவியர்

கியோட்டோ போகும் நம்மவர்கள் பொற்கோயில், மூங்கில் தோப்பு என்று பட்டியல் போட்டு ஓடுவார்கள். நேரம் மிச்சமிருந்தால்தான் நிஷிகி சந்தை. அலுவலக வேலையாகப் போனபோது நானும் அப்படித்தான் நுழைந்தேன். ஆனால் இந்தச் சந்தையின் கதையைத் தெரிந்துகொண்டு போனால் பார்க்கும் பார்வையே வேறு.

சந்தை என்றால் பெரிய மைதானம் இல்லைங்க. மேலே கூரை போட்ட ஒரே சந்து. நீளம் சுமார் 390 மீட்டர். இரு பக்கமும் நூற்றுக்கு மேல் கடைகள். மீன், டோஃபு, தவிட்டில் ஊறப்போட்ட முள்ளங்கி, காய்கறி, கத்தி. (சைவக்காரர்கள் கவனம்! ஊறுகாயில்கூட மீன் சாறு இருக்கலாம், கேட்டு வாங்குங்கள்.)

கடலே இல்லாத ஊரில் மீன் சந்தை எப்படி? நிலத்தடி நீர்தான் காரணம். பனிக்கட்டிப் பெட்டி இல்லாத காலத்தில், இங்கே கிணற்றில் ஊறிய குளிர்ந்த நீர்தான் மீனைக் கெடாமல் காத்தது. 1615-ல் மீன் மொத்த வியாபாரத்துக்கு அரசு அனுமதி கிடைத்தது. பிறகு காய்கறியும் சேர்ந்துகொண்டது.

அந்தக் காய்கறி மண்டி ஒன்றில் 1716-ல் மூத்த மகனாகப் பிறந்தவர் இதோ ஜாகுச்சூ. அப்பா இறந்ததும் இளம் வயதிலேயே கடை இவர் தலையில் விழுந்தது. மனசு முழுக்க ஓவியம். நாற்பது வயதில் கடையைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு வரைய உட்கார்ந்தார். சேவல், மீன், பூச்சி, பூ என்று அவர் பட்டில் வரைந்த 30 ஓவியங்கள் இன்று ஜப்பானின் தேசியப் பொக்கிஷம்.

உலக நடப்பே தெரியாத மனிதர் என்றுதான் அவரை வெகுகாலம் நினைத்திருந்தார்கள். சந்தையின் பழைய ஆவணங்கள் வேறு கதை சொல்கின்றன.

1771-ல் நிஷிகி காய்கறிச் சந்தைக்குச் சிக்கல் வந்தது. போட்டிக்கு இருந்த கோஜோ வீதிச் சந்தைக்காரர்களின் கைவேலை. நிர்வாகம் வியாபாரத்தை நிறுத்தியது. அப்போது தன் தெருவின் பொறுப்பாளர்களில் ஒருவராக இருந்தார் ஜாகுச்சூ. "உங்கள் தெருவுக்கு மட்டும் அனுமதி வாங்கிக்கொள்ளலாம்" என்று அவரிடம் சமரசம் பேசிப் பார்த்தார்கள். பக்கத்துத் தெருக்காரர்களை விட்டுவிட்டு எங்களுக்கு மட்டும் வேண்டாம் என்று மறுத்துவிட்டார்.

அடுத்து அவர் செய்ததுதான் கெட்டிக்காரத்தனம். இங்கே காய்கறி கொண்டுவந்து விற்ற விவசாயிகளைத் திரட்டி, சந்தை மூடினால் எங்கள் பிழைப்பும் போகும் என்று மனுக் கொடுக்க வைத்தார். மூன்று வருஷம் இழுபறி. கடைசியில் 1774-ல், ஆண்டுதோறும் வெள்ளிப் பணம் செலுத்துவதாக ஏற்றுக்கொண்டதும் அனுமதி திரும்பியது.

தொழிலை விட்டுப் போனவருக்கு ஊரின் மேல் அக்கறை இருக்காது என்று யார் சொன்னது? பிழைப்புக்காக ஊரை விட்டு வந்த நமக்கெல்லாம் இவர் கொஞ்சம் நெருக்கமான ஆள்தான்.

அவர் வரைந்த இன்னொரு படம் கியோட்டோ தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. புத்தர் பரிநிர்வாணம் அடையும் காட்சி. ஆனால் நடுவில் படுத்திருப்பது ஒரு வெள்ளை முள்ளங்கி! சுற்றிலும் துக்கம் காக்கும் காய்கறிகள். கேலி மாதிரி தெரியும். காய்கறி மண்டியில் வளர்ந்தவரின் பக்தி அது என்றே எனக்குப் படுகிறது.

இப்போது சந்தையில் உள்ளூர்க்காரர்களைவிடச் சுற்றுலாக் கூட்டம் அதிகம். நடந்துகொண்டே சாப்பிடாதீர்கள் என்று பலகை வைத்திருக்கிறார்கள். வாங்கிய கடை முன்னாலேயே நின்று சாப்பிடுங்கள். முடிந்தால் கடை மூடிய பிறகும் ஒருமுறை நடந்து பாருங்கள். இறக்கிய ஷட்டர்களில் ஜாகுச்சூவின் சேவல்கள் நின்றுகொண்டிருக்கும்.