உத்தரமேரூர்ச் சபையும் ஊர்ப் பொதுநலமும்

திருக்கோயில் என்பது கல்லும் சுதையும் சேர்ந்தமைந்த கட்டடம் மாத்திரமன்று. ஓர் ஊரார் பலர் ஒருமனப்பட்டு வாழ்ந்தமைக்குச் சான்றும் அதுவேயாம். கோயிற் சுவர்களில் நம் முன்னோர் பொறித்துவைத்த சாசனங்களைக் கற்பார்க்கு இவ்வுண்மை இனிது விளங்கும். அவற்றுள் தலைசிறந்தன காஞ்சிபுரம் மாவட்டத்து உத்தரமேரூர்ச் சாசனங்களாம்.

இவ்வூர், 8ஆம் நூற்றாண்டில் இரண்டாம் நந்திவர்ம பல்லவன் காலத்தே மறையோர்க்கு வழங்கப்பெற்ற பிரமதேயம் என்பர் வரலாற்றறிஞர். இதன்கண் உள்ள வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவர்களில், முதற் பராந்தக சோழனது 12, 14ஆம் ஆட்சியாண்டுகளில், அஃதாவது கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளில், பொறிக்கப்பெற்ற இரு சாசனங்கள் உள. ஊர்க் காரியம் நோக்கும் வாரியங்களுக்கு உரியாரைக் குடவோலையால் தெரிந்தெடுக்கும் முறையை அவை வகுத்துரைக்கின்றன.

ஊர் 30 குடும்புகளாகப் பகுக்கப்பட்டிருந்தது. பிந்திய சாசனத்தின்படி, கால் வேலிக்கு மேற்பட்ட இறைநிலமும், தன் மனையிற் கட்டிய அகமும், மறைப் பயிற்சியும் உடையவராய், 35 வயதுக்கு மேல் 70 வயதுக்குக் கீழ்ப்பட்டவராய் உள்ளாரே தகுதியுடையர். இவ்வுரிமை நிலமுடைய மறையோர்க்கே அமைந்தது. உழுவார்க்கும் தொழில்வினைஞர்க்கும் பெண்டிர்க்கும் குடத்தில் ஓலை இருந்ததில்லை. இதனையும் மறையாது கூறுதல் வரலாற்றறம்.

தகுதியுடையார் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிடுவர். சபையிற் பாலரும் முதியரும் கூடியிருக்க, நம்பிமாருள் மூத்தார் ஒருவர் எல்லாருங் காணக் குடத்தை உயர்த்தி நிற்பர். உள்ளிருப்பதறியாத சிறுவன் ஒருவன் ஓலையை எடுத்துக் கொடுப்பன். மத்தியஸ்தன் அதனை ஐந்து விரலும் அகல விரித்த உள்ளங்கையில் ஏற்று வாசிப்பன். பின்னர் அங்குள்ள நம்பிமாரும் வாசிப்பர். விரித்த கையில் ஒளித்தற்கு இடமேது? இவ்வாறு குடும்புக்கு ஒருவராக வந்த முப்பதின்மருள் 12 பேர் ஆட்டை வாரியமும், 12 பேர் தோட்ட வாரியமும், 6 பேர் ஏரி வாரியமும் ஆவர். பணிக்காலம் 360 நாள். மூன்றாண்டுகளுக்குள் வாரியஞ் செய்தார் மீண்டும் குடமேறலாகாது.

இவற்றினும் நெஞ்சிற் பதிக்கத்தக்க விதி ஒன்றுண்டு. முன்னர் வாரியஞ் செய்து கணக்குக் காட்டாதிருந்தவர் பெயர் குடத்தில் இடப்படாது. அவர்தம் நெருங்கிய உறவினரும் விலக்கப்படுவர். பிறர்பொருள் கவர்ந்தார்க்கும் இதே விலக்கு. கற்றவர் என்றோ செல்வர் என்றோ கணக்கினின்று தப்புதற்கு இடமில்லை. பொதுப்பொருளைக் கையாள்வார் தம் பிழையால் தம்மை மாத்திரமன்றிச் சுற்றத்தையும் தாழ்த்துவர் என்னும் அச்சமே அவ்வூர்க்கு அரணாயிற்று.

இவ்வொழுங்கின் பயன் வயிரமேக தடாகம் என்னும் பேரேரியில் விளங்கியது. ஏரி ஆண்டுதோறும் தூரும். தூர் வாராவிடின் வயல் வாடும். வயல் வாடின் கோயில் விளக்கும் அவியும். ஆதலின் தூர் வாருதற்கெனவே கொடை வைத்தாரையும் சாசனங்கள் போற்றுகின்றன. ஏரிக்குக் கொடுத்த பொருளும் அறமே எனக் கொண்டனர் நம் முன்னோர்.

மெய்யன்பர்களே! குடமுழுக்கு ஒருநாளில் நிறைவுறும். கோயிற்காப்போ நாடோறும் செய்தற்குரியது. கொடுப்பார் கொடுத்ததை மறவாது வினவுக. பொறுப்பேற்றார் வினவுமுன்னே கணக்கை விரித்துக் காட்டுக. விரித்த அவ்வுள்ளங்கையை நினைவிற் கொள்ளும் ஊரில் திருப்பணி இடையறாது வளரும் என்பது ஒருதலை.