பேஸ் ஆம்புக்குள் கிளாஸ் டி வந்த கதை

டிரான்சிஸ்டர் போட்ட பேஸ் கிடார் ஆம்ப் சாகும் விதம் பெரும்பாலும் ஒன்றுதான். பவர் ஸ்டேஜில் வரிசையாக நிற்கும் அவுட்புட் டிரான்சிஸ்டர்களில் ஏதோ ஒன்று ஷார்ட் ஆகும். போகும்போது டிரைவரையும் பக்கத்து ரெசிஸ்டர்களையும் சேர்த்தே இழுத்துக்கொண்டு போகும். பாதுகாப்பு ரிலே இல்லாத பழைய செட் என்றால் டிசி நேராக ஸ்பீக்கருக்குள் இறங்கி வாய்ஸ் காயிலையும் கருக்கிவிடும். மாற்று டிரான்சிஸ்டர் தேடிப் போனால் அசல் தயாரிப்பு எப்போதோ நின்றிருக்கும். அதே நம்பரை அச்சடித்த போலிகள்தான் சந்தையில் உலவும். ஆகவே ரிப்பேர்காரர்கள் பலர் இப்போது ப்ரீஆம்பை மட்டும் காப்பாற்றிவிட்டு, கருகிய பகுதியைக் கழற்றி, அந்த இடத்தில் உள்ளங்கை அகலத்தில் ஒரு கிளாஸ் டி மாட்யூலைப் பொருத்துகிறார்கள்.

அந்தச் சின்னப் பலகையின் வயது நாம் நினைப்பதைவிட அதிகம். பிரிட்டிஷ் பொறியாளர் அலெக் ரீவ்ஸ் அதன் அடிப்படையை 1950களில் யோசித்தார். 1930களின் இறுதியில், பாரிஸில் வேலை பார்த்தபோது, குரலைத் துடிப்புகளாக மாற்றி அனுப்பும் பிசிஎம் முறைக்குக் காப்புரிமை கேட்டவரும் இதே ரீவ்ஸ்தான். அவர் கண்டது எளிமையான ஒன்று. வழக்கமான ஆம்பில் டிரான்சிஸ்டர் பாதி திறந்தும் பாதி மூடியும் நின்று மின்சாரத்தை அளந்து விடுகிறது; மீதி எல்லாம் சூடாகிறது. அந்தக் காலத்து மின்விசிறி ரெகுலேட்டர் பெட்டி, வேகத்தைக் குறைத்தால் கை வைக்க முடியாமல் கொதிக்குமே, அதே கணக்கு. பாதியில் நிறுத்தாமல் முழுக்கத் திற, முழுக்க மூடு என்று ஓயாமல் மாற்றிக்கொண்டே இருந்தால்? திறந்திருக்கும் நேரத்தின் நீளத்தில் ஒலியின் வடிவம் ஏறிவிடும். கடைசியில் ஒரு காயிலும் கபாசிட்டரும் அந்தப் படபடப்பை வடிகட்டினால் இசை மட்டும் மிஞ்சும்.

யோசனை சரி, கருவி கைக்கு எட்டவில்லை. பின்னாளில் இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் கணினியால் புகழ்பெற்ற கிளைவ் சின்க்ளேர் 1964-இல் எக்ஸ்-10 என்று ஒரு கிட் விற்றார். பெயரிலிருந்த 10 வாட்டுக்கும் உண்மையில் வந்த இரண்டரை வாட்டுக்கும் சம்பந்தமே இல்லை. ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்களுக்கு அந்த வேகத்தில் திறந்து மூடத் தெரியவில்லை. போதாததற்குப் பக்கத்து ரேடியோவையும் கரகரக்க வைத்தது. துணிச்சலுக்கு மதிப்பெண் போடலாம், பொருளுக்குப் போட முடியாது.

1970களின் இறுதியில்தான் காத்திருந்த கருவி வந்தது: பவர் மாஸ்ஃபெட். நொடிக்கு லட்சக்கணக்கான தடவை சலிக்காமல் திறந்து மூடும். சோனி அந்தக் காலத்திலேயே டிஏ-என்88 என்ற ஆம்பில் கிளாஸ் டியை முயன்று பார்த்தது. ஆனால் நிஜமான திருப்பம் 1990களின் கடைசியில் நடந்தது. அமெரிக்காவில் ஆத்யா திரிபாதி தொடங்கிய டிரைபாத் நிறுவனம் டிஏ2020 என்ற ஒற்றைச் சிப்பை வெளியிட்டது. டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த கார்ஸ்டன் நீல்சனின் வேலையிலிருந்து, பேங் அண்டு ஓலுஃப்சென் துணையோடு ஐஸ்பவர் பிறந்தது. சில வருடத்தில் பிலிப்ஸில் இருந்த புரூனோ புட்சேய்ஸ், வடிகட்டிக்குப் பின்னாலிருந்தே ஃபீட்பேக்கை எடுத்து, எந்த ஸ்பீக்கரை மாட்டினாலும் குணம் மாறாத யுசிடி சுற்றைக் கொண்டுவந்தார். அது ஹைபெக்ஸ் மாட்யூல்களாகக் கடைக்கு வந்தது. என் பார்வையில் இந்த மூன்றில் புட்சேய்ஸின் வேலைதான் பெரிது. கிளாஸ் டி சப்வூஃபருக்கு மட்டும்தான் லாயக்கு என்ற பேச்சை ஒழித்ததில் அதற்குப் பெரும் பங்கு உண்டு.

பேஸ் வாசிப்பவர்கள் இதை ஓடிப்போய் அணைத்துக்கொண்டதற்குக் காரணம் ஒலியல்ல, முதுகுவலி. 1969-இல் வந்த ஆம்பெக் எஸ்விடி வால்வு ஆம்ப் 300 வாட் தந்தது. தலைப்பெட்டி மட்டுமே ஏறக்குறைய 40 கிலோ. அதை மேடையில் வைத்த ரோலிங் ஸ்டோன்ஸுக்குத் தூக்க ஆள் இருந்தார்கள், மற்றவர்களுக்கு? 1970களிலேயே வால்டர் வுட்ஸ் என்பவர் இரும்பு டிரான்ஸ்பார்மருக்குப் பதில் ஸ்விட்சிங் சப்ளை வைத்து ஜாஸ் வாசிப்பாளர்களின் பாரத்தைக் குறைத்திருந்தார். அதோடு கிளாஸ் டியும் சேர்ந்தபோது 500 வாட் ஆம்ப் 2 கிலோவுக்குள் அடங்கி, கிடார் பையின் ஜோபிக்குள் போய்விட்டது.

ஆனால் பேஸ், கிளாஸ் டிக்குச் சுலபமான வாடிக்கையாளர் அல்ல. பிளஸ், மைனஸ் என்ற இரண்டு சப்ளை ரயில்களுக்கு நடுவே இழுத்துத் தள்ளும் அரைப்பாலச் சுற்றில், ஸ்பீக்கரும் காயிலும் திருப்பித் தள்ளும் மின்சாரம் எதிர் ரயிலில் போய்ச் சேர்ந்து அதன் வோல்ட்டேஜை ஏற்றிவிடும். அதிர்வெண் குறையக் குறைய இந்த ஏற்றம் மோசமாகும். பேஸின் தடித்த ‘இ’ கம்பி 41 ஹெர்ட்ஸ், ஐந்து கம்பி கிடாரின் ‘பி’ 31. பழைய பவர் சப்ளையோடு மலிவான மாட்யூலை இணைத்தவர்கள், நீண்ட தாழ்சுரம் வாசித்ததும் ஆம்ப் தானாக அணைவதைக் கண்டு குழம்புவது இதனால்தான். கபாசிட்டரைப் பெருக்க வேண்டும், அல்லது முழுப்பால மாட்யூலுக்குப் போக வேண்டும்.

முழுப்பாலத்தில் வேறொரு கண்ணி இருக்கிறது. ஸ்பீக்கருக்குப் போகும் இரண்டு கம்பியும் உயிருள்ளவை. பழைய ஆம்பில் ஸ்பீக்கர் ஜாக்கின் வெளியுறை சேசிஸைத் தொட்டுக்கொண்டிருக்கும். அதை அப்படியே விட்டால் புது மாட்யூல் முதல் நிமிடத்திலேயே போய்விடும். காப்பிட்ட ஜாக்கோ ஸ்பீக்கான் இணைப்பியோ கட்டாயம் வேண்டும். பழைய டிரான்ஸ்பார்மரைப் பிடுங்கும் முன் ப்ரீஆம்ப் அதில்தான் உயிர் வாழ்கிறதா என்று பாருங்கள். 15 வோல்ட் சப்ளை பெரும்பாலும் அங்கிருந்தே வரும். சப்ளையோடு சேர்ந்து வரும் மாட்யூலில் 230 வோல்ட் நேராக ஏறி 325 வோல்ட் டிசியாகத் தேங்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கபாசிட்டரில் அது இருக்கும், கை வைக்காதீர்கள்.

பாகம் கிடைக்காத டிரான்சிஸ்டர் ஆம்ப் என்றால் தயங்காமல் மாட்யூலுக்கு மாறலாம். வால்வு ஆம்ப் என்றால் வேண்டாம்: அங்கே பவர் ஸ்டேஜும் ஒலியின் பாதி, பிற்கால எஸ்விடிக்கு வேண்டிய 6550 வால்வு இன்றும் புதிதாகச் செய்யப்படுகிறது.