கனத்த கிதாருக்கு ஒரு கடிவாளம்

மலேசியத் தோட்டப்புறங்களுக்கு வந்த தமிழர்களோடு மாரியம்மன் வந்தாள், உறுமியும் வந்தது. ஒரு முகத்தை அடித்து, மறுமுகத்தை வளைந்த குச்சியால் உரசும்போது அடித்தொண்டையில் ஒரு முனகல் எழும். திறந்த வெளியில் அது உடலைச் சிலிர்க்க வைக்கும். மைக் வைத்துப் பதிவு செய்தால் அந்த முனகல் வீங்கி மற்ற ஒலிகளை மூடிவிடும். ஹெவி மெட்டல் கிதாரோடு ஒலிப்பதிவாளர்கள் போராடி வந்ததும் இதே வீக்கத்தோடுதான்.

அவர்கள் கையில் எடுத்த கம்ப்ரஸர் பிறந்தது வேறு தேவைக்காக. 1930களின் வானொலி நிலையங்களில் திடீரென உயரும் குரல் ஒலிபரப்பியைத் திணறடித்தது. குமிழைத் திருகும் கை அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்கவில்லை. எனவே ஓசை எல்லை தாண்டியதும் தானே குறைக்கும் கருவி வந்தது. எஸ்தோனியாவில் பிறந்த ரெய்ன் நார்மா 1950களின் இறுதியில் வடிவமைத்த ஃபேர்சைல்டு 670 கம்ப்ரஸரில் 20 வால்வுகள் இருந்தன. எடை ஏறக்குறைய 30 கிலோ. பில் புட்னம் 1967இல் கொண்டுவந்த 1176 என்ற கருவி டிரான்சிஸ்டரில் இயங்கியது. ஒரு நொடியைப் பத்து லட்சமாகப் பிரித்தால் அதில் 20 பங்கு நேரத்துக்குள் அது ஒலியைப் பிடித்துவிடும்.

இனி கிதார். பர்மிங்ஹாம் தொழிற்சாலை விபத்தில் டோனி அயோமி இரண்டு விரல்களின் நுனியை இழந்தார். வலியைக் குறைக்கத் தந்திகளைத் தளர்த்தினார். அவருடைய குழுவான பிளாக் சபாத்தின் 1971 ஆல்பமான ‘மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி’யில் பல பாடல்களுக்குச் சுருதி மூன்று அரைச்சுரம் கீழே இறங்கியது. ஓசை கனத்தது. பின்வந்த குழுக்கள் இன்னும் கீழே போயின.

இங்கே ஒரு விஷயத்தைப் பலரும் கவனிப்பதில்லை. டிஸ்டார்ஷனே ஒரு கம்ப்ரஷன்தான். ஆம்ப்பை அதன் எல்லைக்கு மேல் முடுக்கும்போது அலையின் உச்சிகள் தட்டையாகிவிடும். மெல்ல மீட்டினாலும் ஓங்கி மீட்டினாலும் கிட்டத்தட்ட ஒரே அளவு. அதன்மேல் இன்னொரு கம்ப்ரஸரை ஏற்றினால் இடைவெளிகளில் இரைச்சல் மேலே வரும், பிக் தந்தியில் விழும் கூர்மை மழுங்கும். இந்தக் கிதாரை முழுதாக அமுக்காமல் விடுவதே பெரும்பாலும் நல்லது.

ஆனால் பாம்-மியூட் வேறு கதை. உள்ளங்கையின் ஓரத்தைத் தந்தியில் பதித்து மீட்டும்போது ஸ்பீக்கர் பெட்டி ‘தம் தம்’ என்று அதிர்ந்து அடிப்பகுதி வீங்குகிறது. ஈக்வலைசரால் அதை வெட்டினால் திறந்த கார்டுகள் மெலிந்துபோகும். மல்ட்டிபேண்ட் கம்ப்ரஸர் இந்தச் சிக்கலை அழகாக அவிழ்த்தது. ஏறத்தாழ 60 முதல் 300 ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியை மட்டும், அது வீங்கும் கணத்தில் மட்டும் பிடித்து அழுத்தும். வீக்கம் வடிந்ததும் விட்டுவிடும். சபாத் அல்ல, சாபட் என்ற இங்கிலாந்துக் குழுவின் கிதாரிஸ்டாக இருந்து தயாரிப்பாளரான ஆண்டி ஸ்னீப்பின் பெயரோடு இந்த உத்தி ஒட்டிக்கொண்டது. வீட்டு ஸ்டூடியோக்காரர்கள் இன்றும் அதை அவர் பெயராலேயே சொல்கிறார்கள்.

அளவு மீறினால் என்ன ஆகும் என்பதற்கு மெட்டாலிகாவின் ‘டெத் மேக்னெடிக்’ (2008) சாட்சி. ஒலி முழுவதையும் உச்சத்தில் வைத்து நசுக்கியதால் டிரம் அடிகளே கரகரத்தன. ‘கிதார் ஹீரோ’ விளையாட்டில் வந்த, அவ்வளவு நசுக்கப்படாத வடிவமே மேல் என்று ரசிகர்கள் அதைத் தேடிப் போனார்கள்.

தமிழர்களுக்கும் இந்த இசையில் பங்கு உண்டு. சிங்கப்பூரில் 1992இல் தொடங்கிய ருத்ரா, ‘வேத மெட்டல்’ என்றே தன்னை அடையாளப்படுத்திக்கொண்டது. 2005, 2009, 2011 ஆண்டுகளில் வந்த ‘பிரம்மவித்யா’ மூன்று ஆல்பங்களில் உபநிடதச் சிந்தனையும் சமஸ்கிருத மந்திரமும் உறுமும் கிதார்களோடு சேர்ந்தன. நிதானமான உச்சாடனத்தையும் கிதார்ச் சுவரையும் ஒரே பாட்டில் கேட்கவைப்பது கடினமான மிக்ஸிங் வேலை. குழுவின் பாடகர் கதிர் பேஸ் வாசிப்பவரும்கூட. பாம்-மியூட் வீங்கும் அதே 100 ஹெர்ட்ஸ் பக்கம்தான் பேஸும் டிரம்மும் குடியிருக்கின்றன. கிதார் அங்கே ஒதுங்கிக்கொடுத்தால்தான் அவை இரண்டும் காதில் விழும்.